மலாக்கா: துறைமுகம் வழியாக வந்த தமிழும் தோட்டம் வழியாக வந்த தமிழும்



சென்ற தவணையில் படிவம் 4 மாணவர்களிடம் ‘நான் வாழும் மாநிலம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாரும் மலாக்காவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். பரமேஸ்வரா, சருகுமான், நெல்லிமரம், போர்த்துகீசியர் கோட்டை, சிவப்புக் கட்டடம், செண்டோல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தமிழர்களைப் பற்றிய பத்தியில் மட்டும் எல்லாரும் பேசிவைத்தது போல ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: ‘தமிழர்கள் இரப்பர் தோட்டத்தில் வேலை செய்வதற்காக மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.’

அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிக்கதைதான். “அதுக்கு நானூறு வருசத்துக்கு முன்னாடியே இங்க துறைமுகத்துல தமிழர்கள் பெரிய வியாபாரிங்களா இருந்தாங்க” என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி கேட்டாள்: “அப்படின்னா அவங்க பேரப்பிள்ளைங்கெல்லாம் இப்ப எங்க டீச்சர்? அவங்க ஏன் தமிழ் பேசல?”

நல்ல கேள்வி. மலாக்காவின் வரலாறு, தொழில், பண்பாடு மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்து பார்க்கிறேன்.

நெல்லிமரத்தடியில் ஒரு துறைமுகம்

மலாக்காவைத் தோற்றுவித்தவர் பலெம்பாங்கைச் சேர்ந்த இளவரசர் பரமேஸ்வரா. பாடநூல்கள் ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டு என்று குறிப்பிடுகின்றன. அவர் சாய்ந்து நின்ற மரத்தின் பெயரே ஊருக்கு ஆனது என்பது மலாய் மரபுக் கதை. மலாய்க்காரர்கள் ‘போக்கோக் மலாக்கா’ என்று சொல்லும் அந்த மரம் நம்முடைய நெல்லிமரமேதான். வடமொழியில் நெல்லிக்கு ‘ஆமலகம்’ என்று பெயர். மலாக்கா என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பரமேஸ்வரா என்பது சிவன் பெயர், ஆகவே அவர் தமிழர்’ என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அப்படி எழுதக்கூடாது. அவர் ஸ்ரீ விஜய மரபில் வந்த மலாய் இளவரசர். அந்தக் காலத்துத் தென்கிழக்காசிய அரசுகளில் இந்து, பௌத்தச் செல்வாக்கு இருந்தது. பெயர் அதைத்தான் காட்டுகிறது. நம் பெருமையைச் சொல்வதற்கு இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. இருப்பதே போதும்.

மலாக்கா ஏன் வளர்ந்தது? காற்று ஒரு காரணம். இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் பாய்மரக் கப்பல் ஒரு பருவக்காற்றில் வரும். சீனாவிலிருந்து வரும் கப்பல் இன்னொரு பருவக்காற்றில் வரும். திரும்பிப் போக வேண்டுமென்றால் காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சரக்கை வைக்கக் கிடங்கு, தங்க இடம், நியாயமான எடை, தகராறு வந்தால் தீர்த்து வைக்க ஆள் எல்லாம் தேவை. மலாக்கா அரசு இவற்றை ஒழுங்காகச் செய்து கொடுத்தது. நெல் விளையாத, பெரிய வயல்கள் இல்லாத ஓர் ஊர் வணிகத்தை நம்பியே பேரரசாக எழுந்தது இப்படித்தான்.

துறைமுகத்தில் தமிழ் வணிகர்

மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். ஷாபண்டார் என்றால் துறைமுக அதிகாரி. குஜராத்தி வணிகர்களுக்கு ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர். ஜாவா, மலுக்குத் தீவுகள் முதலிய கிழக்குத் தீவு வணிகர்களுக்கு ஒருவர். சீனா, சம்பா, ரியூக்கியூ வணிகர்களுக்கு ஒருவர். தமிழ் வணிகர்கள் இரண்டாவது பிரிவில் வருவார்கள்.

அவர்கள் கொண்டுவந்த முக்கியமான சரக்கு துணி. நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைகளிலிருந்து பருத்தித் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. இங்கிருந்து கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, சந்தனம், வெள்ளீயம் ஆகியவை போயின. கிராம்பு விளையும் மலுக்குத் தீவுக்காரர்களுக்கு வேண்டியது துணி. ஆகவே துணி வைத்திருந்தவரே வாசனைப் பொருளை வாங்க முடிந்தது. தமிழ் வணிகருக்கு மலாக்காவில் இருந்த மதிப்புக்குக் காரணம் இதுதான்.

1512 முதல் 1515 வரை மலாக்காவிலும் இந்தியாவிலும் இருந்து எழுதிய தோமே பீரெஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். வரி விவரமும் தருகிறார். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு 6 விழுக்காடு வரி. ஆனால் மலாக்காவிலேயே குடும்பத்தோடு குடியமர்ந்துவிட்ட வெளிநாட்டு வணிகருக்கு 3 விழுக்காடுதான். இந்த 3 விழுக்காட்டை மறந்துவிடாதீர்கள். வந்துபோகிற வணிகரை ஊரோடு ஒட்டவைக்க ஓர் அரசு போட்ட கணக்கு அது. பின்னால் வரும் கதைக்கு இது தேவைப்படும்.

அரண்மனைக்குள்ளேயும் தமிழ்த் தொடர்பு இருந்தது. ‘செஜாரா மெலாயு’ கூறும் மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து வந்தவர். அவர் வழிவந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் மலாக்காவில் உயர்பதவிகளை அடைந்தார்கள். அந்த மரபில் வந்த துன் முதாஹிர், சுல்தான் மஹ்மூட் ஷா காலத்தில் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, இருந்தார். 1510-இல் சுல்தானின் ஆணைப்படி அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே மலாக்கா வீழ்ந்தது.

மொழியிலும் இந்த உறவு பதிந்திருக்கிறது. மலாய்மொழியில் இருக்கும் கப்பால், கெடாய், மோடால், பெட்டி, குடாங், கோலாம், பாகாய், மூத்து ஆகிய சொற்களைப் பாருங்கள். நம்முடைய கப்பல், கடை, முதல், பெட்டி, கிடங்கு, குளம், வகை, மாற்று ஆகிய சொற்களிலிருந்து வந்தவை இவை என்பது பொதுவான கருத்து. தங்கத்தின் மாற்று பார்க்கும் சொல்தான் இன்றைக்கு ‘தரம்’ என்ற பொருளில் ‘மூத்து’ ஆகியிருக்கிறது. பெரும்பாலும் கடைத்தெருச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு மொழி எந்த வாசல் வழியாக வந்ததோ, அந்த வாசலின் சொற்களையே விட்டுச்செல்லும்.

கோட்டை கைமாறிய காலம்

1511 ஆகஸ்டில் அபோன்சோ டி அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1824-இல் ஆங்கிலோ-டச்சு ஒப்பந்தத்தின் மூலம் அது நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இந்த மூன்று ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

போர்த்துகீசியர் வந்ததும் முஸ்லிம் வணிகர்கள் பலர் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டார்கள். இந்து வணிகர்களோடு போர்த்துகீசியர் கூட்டுச் சேர்ந்தார்கள். நினா சாத்து என்று அவர்கள் எழுதிவைத்திருக்கும் தமிழ் வணிகர், 1511-க்கு முன் சிறையிலிருந்த போர்த்துகீசியர்களுக்கு உதவியவர். அதற்குப் பலனாக அவர் பெண்டஹாரா ஆக்கப்பட்டார். 1514-இல் அந்தப் பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டபோது, அவமானம் தாங்காமல் தீப்புகுந்து இறந்தார் என்று போர்த்துகீசியக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் ஊருக்குத் துரோகம் செய்தவரா, சூழ்நிலைக்கேற்ப நடந்துகொண்ட வணிகரா? வகுப்பில் விவாதிக்க நல்ல தலைப்பு.

டச்சுக்காரர்களுக்குப் பத்தாவியாதான் தலைமையகம், அதாவது இன்றைய ஜாகர்த்தா. மலாக்கா அவர்களுக்கு நீரிணையைக் காவல் காக்கும் ஒரு சாவடி மட்டுமே. வாசனைப் பொருள் வணிகத்தையும் அவர்கள் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். பெரிய தமிழ் வணிகரின் காலம் இதோடு மங்கத் தொடங்கியது.

ஆனால் தமிழர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இன்றும் ஜாலான் துக்காங் எமாஸ் வழியாக நடந்தால் தெரியும். அந்தப் பெயருக்குப் ‘பொற்கொல்லர் தெரு’ என்று பொருள். அங்கே 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில், செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி காலத்தில் கட்டப்பட்டது. நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோவில்களில் ஒன்று. சில அடி தூரத்தில் 1748-இல் தோன்றிய கம்போங் கெலிங் பள்ளிவாசல், அதை அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோவில். மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் வழிபடுவதால் இதை ‘நல்லிணக்க வீதி’ என்கிறார்கள். மலாக்கா நகரம் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது என்றால், இப்படிப்பட்ட தெருக்களும் அதற்கு ஒரு காரணம்.

பேரப்பிள்ளைகள் எங்கே?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். காஜா பெராங் பகுதியில் உள்ள செட்டி கிராமத்துக்குப் போனால் பார்க்கலாம். அவர்கள்தான் மலாக்காச் செட்டிகள்.

கப்பலில் வந்த வணிகர்கள் பெரும்பாலும் பெண்களை அழைத்து வரவில்லை. இங்கேயே மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை மணந்துகொண்டார்கள். குடியமர்ந்தால் வரியும் குறைவு என்பதை மேலே பார்த்தோம். அப்பா தமிழர், அம்மா உள்ளூர்க்காரர். குழந்தை அம்மாவின் மடியில் கேட்ட மொழி மலாய். சில தலைமுறைகளில் வீட்டுமொழி செட்டி மலாயாகவே மாறிவிட்டது. உடையும் சாரோங் கெபாயாவாக மாறியது. சாப்பாட்டிலும் நம் மசாலாவோடு தேங்காய்ப்பால், சம்பால் எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஆனால் சமயம் மாறவில்லை. பிள்ளை, நாயக்கர், படையாச்சி போன்ற பட்டப்பெயர்கள் மாறவில்லை. வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும். காஜா பெராங் ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயம் 1822-இல் அமைந்தது. ஒவ்வோர் ஆண்டும் மே மாத வாக்கில் அங்கே நடக்கும் திருவிழாவை அவர்கள் ‘டத்தோ சாச்சார்’ என்கிறார்கள். சாச்சார் என்றால் அம்மைநோய். நம்ம மாரியம்மனேதான், மலாய்ப் பெயரில். பொங்கலுக்கு முந்தின போகியன்று முன்னோர்களுக்கு வாழை இலையில் படையல் போடுவார்கள். அதற்குப் ‘பார்ச்சு’ என்று பெயர். ஆண்டு நடுவில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சும் உண்டு.

ஒன்றை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ‘தமிழ் பேசாத தமிழர்’ என்று அவர்களைக் கேலியாகப் பேசக்கூடாது. ஐந்நூறு ஆண்டுகள், மூன்று அந்நிய ஆட்சிகள், இத்தனைக்கும் நடுவில் அம்மனையும் பொங்கலையும் முன்னோர் நினைவையும் விடாமல் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

கணக்குப் புத்தகத்தின் மொழி

மலாக்காவில் தமிழ் அழிந்தே போய்விட்டதா? இல்லை. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தவர். அரபு, தமிழ் வழிவந்த குடும்பம். 1849-இல் வெளிவந்த ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்ற தன்வரலாற்று நூலில், சிறுவயதில் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதைச் சொல்கிறார். காரணம், மலாக்கா வணிகர்களின் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் தமிழில் நடந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதனால் தமிழ் படித்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் தமிழ் மலாக்காவில் சம்பாதிக்க உதவும் மொழி. ஆனால் பல வீடுகளில் அடுப்படி மொழி மலாய். தமிழ் கணக்குப் புத்தகத்தில் இருந்தது, தாலாட்டில் இல்லை. 1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயத் துறைமுகங்களாக எழுந்தபின் வணிகம் அங்கே போய்விட்டது. வணிகம் போனதும் கணக்குப் புத்தகத்துத் தமிழும் கூடவே போய்விட்டது.

இரண்டாவது வருகை: மரவள்ளி போய் இரப்பர் வந்தது

துறைமுகம் ஓய்ந்த மலாக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டார்கள். மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். நிலம் சளைத்துப் போனதும் வேறு பயிர் தேட வேண்டியதாயிற்று.

அந்த நேரத்தில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் இரப்பர் நடச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவருக்குப் பட்டப்பெயர்கூட இருந்தது. அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர் தோட்டம் அது. பிறகு ஜாசின் வட்டாரத்து புக்கிட் அசாஹானில் அதைவிடப் பெரிய தோட்டம் போட்டார். 1910-இல் சைம் டார்பி நிறுவனம் தொடங்கப்பட்டதும் மலாக்காவில்தான்.

மரம் நட்டாயிற்று, பால் வெட்ட ஆள் வேண்டுமே! கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தபந்தத்தையும் தெரிந்தவர்களையும் திரட்டி அழைத்துவந்தார். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். ஒரு காலத்தில் துணிமூட்டைகளை ஏற்றி அனுப்பிய அதே நாகப்பட்டினத்திலிருந்து இப்போது மனிதர்கள் கப்பலேறினார்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் நம் தாத்தா பாட்டிகளின் வாயில் இருக்கிறது.

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு அவரவர் நிரைக்குப் போய்ப் பட்டையைச் சீவி, மங்கில் பால் வடியவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் வேலையில்லை, சம்பளமும் இல்லை. பச்சைக் குழந்தை ஆயாக் கொட்டகையில். ஒரே அறையும் அடுப்படியுமாக லயத்து வீடு. கூலியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள அங்கேயே ஒரு கள்ளுக்கடை. எல்லாவற்றுக்கும் மேலே பங்களாவில் துரை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை.

இவ்வளவு கஷ்டத்திலும் அவர்கள் தமிழைக் காப்பாற்றினார்கள். இதுதான் யோசிக்க வேண்டிய விசயம்.

வசதியானவர்கள் இழந்ததை ஏழைகள் எப்படிக் காத்தார்கள்?

இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வேறுபாடுகள் தெரிகின்றன.

முதலாவது, குடும்பம். வணிகர் தனியாக வந்தார். தோட்டத் தொழிலாளர்கள், குறிப்பாக கங்காணி முறையில், நாளடைவில் மனைவி மக்களோடு வந்தார்கள். அம்மாவின் மொழியே தமிழாக இருந்தது.

இரண்டாவது, இடம். வணிகர் 84 மொழி பேசும் சந்தையில் வாழ்ந்தார். அங்கே பொதுமொழி மலாய். தொழிலாளி வாழ்ந்த லயத்தில் இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். கிராணி, மண்டோர்கூடத் தமிழோ மலையாளமோ பேசுபவராக இருப்பார். வெளியுலகம் தெரியாமல் அடைபட்டிருந்தது ஒரு கொடுமைதான். ஆனால் அந்த அடைப்பே மொழிக்கு வேலியாகவும் ஆகிவிட்டது.

மூன்றாவது, தாயகத் தொடர்பு. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்தோடு இருந்த போக்குவரத்து சுருங்கியது. தோட்டக் காலத்தில் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. கடிதம் வந்தது, பத்திரிகை வந்தது, பிறகு சினிமாவும் வந்தது.

நான்காவது, பள்ளிக்கூடம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகம் அதைப் பெரிய மனதோடு செய்யவில்லை. பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். சில இடங்களில் கிராணியே வாத்தியார். ஆனால் அந்தக் கொட்டகையில் ‘அ, ஆ’ சொல்லிக்கொடுத்தார்கள். வணிகரின் பிள்ளைக்குத் தமிழ் கணக்கு எழுதத்தான் தேவைப்பட்டது. தொழிலாளியின் பிள்ளைக்கு அது எழுத்தறிவாகவே கிடைத்தது.

தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு

1950-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பிறகு இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அப்புறம் வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் வந்தன. 1970-களின் தொடக்கத்தில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வணிக மண்டலம் அமைந்தது. 1973-இல் சீமென்ஸ் அங்கே தொடங்கிய மின்னணுத் தொழிற்சாலைதான் இன்றைய இன்ஃபினியோன். 1994-இல் சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 2003-இல் அலோர் காஜா அருகே பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாவும் ஒரு பெரிய தொழில் ஆகிவிட்டது. பால்வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள் பேக்டரி பஸ்ஸில் ஏறினார்கள். லயத்துப் பேரப்பிள்ளைகளில் இன்று பொறியியலாளரும் இருக்கிறார்கள், தாதியரும் இருக்கிறார்கள், ஆசிரியரும் இருக்கிறார்கள்.

இது முன்னேற்றம். யாரும் லயத்துக்குத் திரும்பிப் போக ஆசைப்படவில்லை. ஆனால் மேலே சொன்ன நான்கு காரணங்களையும் இப்போது மறுபடி எண்ணிப் பாருங்கள். தாமான் வீட்டில் பக்கத்து வீட்டார் மலாய்க்காரர், எதிர்வீட்டார் சீனர். ஆக, நாமும் இன்று பழைய வணிகரைப் போலப் பல மொழிச் சந்தைக்கு நடுவில்தான் வாழ்கிறோம். வீட்டில் பிள்ளையிடம் ஆங்கிலமோ மலாயோ பேசும் பெற்றோர் கூடிவருகிறார்கள். தாயகத் தொடர்பு டிவியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது, ஆனால் அது கேட்கும் தமிழ். எழுத வைக்காது. உறுதியாக மிஞ்சியிருப்பது நான்காவது காரணம், பள்ளிக்கூடம். தோட்டம் போனபின் ஊர்ப்பக்கம் இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெயர்ப்பலகையில் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று இருக்கும், சுற்றிலும் தோட்டம் இருக்காது. இடைநிலைப்பள்ளிக்கு வந்தபின் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் விரும்பி எடுத்தால்தான். ‘எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்கணுமா, எதுக்கு ரிஸ்க்?’ என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இப்போதெல்லாம் காஜா பெராங் கதையைத்தான் சொல்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. ஒரு மொழி எப்படிச் சத்தமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறும் என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு முருகன் இரதம் புறப்படும். துறைமுகம் வழி வந்தவர்களின் கோவிலிலிருந்து கிளம்பும் அந்த இரதத்தின் பின்னால் தோட்டம் வழி வந்தவர்களின் பிள்ளைகளும் நடக்கிறார்கள். இரண்டு வருகையும் ஒரே சாலையில் சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால், அன்றைக்கு மாணவர்களை அழைத்துப் போங்கள்.

தேர்வு எழுதுவோர் கவனத்திற்கு

1. மலாக்காச் செட்டிகளையும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் குழப்பாதீர்கள். முன்னவர் சுல்தான் காலத்திலிருந்து வேரூன்றியவர்கள். பின்னவர் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் வட்டித்தொழில் செய்ய வந்தவர்கள்.

2. இரப்பர் பற்றிய இரண்டு தகவல்களைக் கலக்காதீர்கள். 1877-இல் கோல கங்சாரில் நடப்பட்டவை சோதனைக் கன்றுகள். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அமைந்தது வணிகத் தோட்டம்.

3. ‘கெலிங்’ என்ற சொல் பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். இன்று அது இழிவாகக் கருதப்படுகிறது. பள்ளிவாசல், நூல், இடம் ஆகியவற்றின் பெயராக மட்டும் எழுதுங்கள். மற்ற இடங்களில் ‘தமிழ் வணிகர்’, ‘இந்திய வணிகர்’ என்றே எழுதுங்கள்.

4. ‘தமிழர்கள் மலாக்காவை ஆண்டனர்’ என்று எழுதாதீர்கள். ‘மலாக்காவின் வணிகத்திலும் நிர்வாகத்திலும் பங்காற்றினர்’ என்பதே சரி.

வகுப்பறைக்குச் சில நடவடிக்கைகள்

அ. மலாய்மொழியில் கலந்துள்ள பத்துத் தமிழ்ச்சொற்களைத் தேடி எழுதுக. அவற்றில் எத்தனை வணிகத்தோடு தொடர்புடையவை?

ஆ. தாத்தா, பாட்டி அல்லது தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரைப் பேட்டி காண்க. பெரட்டு, நிரை, மங்கு, கட்டிப்பால், கோட்டுப்பால் போன்ற சொற்களை அவர் சொன்னபடியே விளக்கத்துடன் எழுதிவருக. இந்தச் சொற்களை எழுதிவைக்க இதுவே கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம்.

இ. ‘மலாக்காத் தமிழரின் இருவேறு வருகைகள்’ எனும் தலைப்பில் 250 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக. குறிப்புகள்: வந்த காலம், வந்த காரணம், செய்த தொழில், வாழ்ந்த இடம், மொழிக்கு நேர்ந்தது, இன்றைய நிலை.

கேள்வி கேட்ட அந்த மாணவி தன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தாள். தமிழர் பத்தியில் இப்போது ஒரு வரிக்குப் பதிலாக ஆறு வரி இருந்தது. கடைசி வரி இது: ‘என் பாட்டி புக்கிட் அசாஹானில் பால்மரம் வெட்டினார். அவர் கையெழுத்துப் போட்டது தமிழில்.’ அதற்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.